ஐம்பது மைல் மைதானம்

மில்லின் முதல் சங்கு நாலரைக்கு ஊதும். சின்னப்பராஜ் நாலேகாலுக்கே விழித்துக் கிடப்பான். சங்கு ஊதியதும் எழுந்து பாயைச் சுருட்டுவான். கிணற்றில் நாலு வாளி தண்ணீர் இறைத்துக் குளிப்பான். அடுப்பு மூட்டிக் காப்பி போடுவான். தூள் இரண்டு பேருக்கு விழும். இரண்டு தம்ளரையும் அவனே குடிப்பான். சைக்கிளை எடுத்தால் ஐந்தேகாலுக்கு மில்லின் டைம் ஆபீசில் இருப்பான். வேலைக்கு வருகிறவர்களின் சீட்டில் முத்திரை குத்துவது அவன் உத்தியோகம். பி.ஏ. படித்தவனுக்கு இது போதாது என்று மாமனார் முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சூசைமேரி செத்த பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

ஆறு நாள் இப்படிக் கழிந்துவிடும். ஏழாவது நாள்தான் தொந்தரவு. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. கோயிலில் முதல் பூசை முடிந்து ஆறரை மணிக்கு வெளியே வந்தால் ஒரு முழுப் பகல் எதிரே கிடக்கும். அதை என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவன் தாராபுரம் ரோவர்ஸ் உதைபந்துக் கிளப்பின் காரியதரிசி ஆனான்.

தாராபுரம் ரோவர்சில் தாராபுரத்துக்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஆட்கள். கிளப் தொடங்கிய வருஷம் சந்தையில் பழைய பனியன்கள் பதினொன்று மலிவாகக் கிடைத்தன. கலைந்துபோன ஏதோ ஒரு கிளப்பின் பனியன்கள். மார்பில் தாராபுரம் என்று கெட்டி நூலால் தைத்திருந்தது. நூலைப் பிரித்தால் துணி கிழியும். எனவே கிளப்புக்குத் தாராபுரம் என்று பெயராயிற்று.

மற்றவர்களும் இப்படித்தான். உடுமலைப்பேட்டை யுனைடெட் சோமனூர்ச் சந்தைத் திடலில் ஆடியது. அதைத் தொடங்கியவர் உடுமலைப்பேட்டையில் பெண் எடுத்திருந்தார். பந்து மாமனார் வாங்கிக் கொடுத்தது. நீலகிரி வாண்டரர்ஸ் பல்லடத்து வண்டிப்பேட்டையில் ஆடியது. வானம் வெளுத்திருக்கும் நாட்களில் அவர்களுக்கு மலை தெரியும். ஈரோடு சிட்டி எங்கே ஆடியது என்று ஈரோட்டுக்காரர்களுக்குத் தெரியாது. இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. பந்து உருண்டது, உதைத்தார்கள்.

ரோவர்ஸ் ஆடியது திருச்சி ரோட்டின் தென்புறம், மாசாணியம்மாளின் காட்டில். நாலு ஏக்கர் மேட்டு நிலம். தை மாதம் சோளத்தட்டு அறுத்தபின் கோடை மழை வரைக்கும் சும்மா கிடக்கும். மாசாணியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். காடு, தோட்டம், ஆள், மாடு எல்லாம் அவள் பார்வையில்தான் நடந்தன. காட்டைக் கேட்டுப் போன அன்றே அவள் சின்னப்பராஜிடம் சொல்லிவிட்டாள்.

"மழை பேயற வரைக்கும் ஓடியாடிக்குங்க கண்ணு. மழை பேஞ்சு பதம் வந்துதுன்னா அன்னிக்கே ஏர் கட்டிப்போடுவேன். அப்பறம் பந்து கிந்துன்னு வந்து நிக்கப்படாது."

ஏர் இறங்கிவிட்டால் மறுபடி தை வரைக்கும் ஆட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கும்.

முப்பத்தாறாம் வருஷம் ரோவர்ஸ் நொய்யல் பள்ளத்தாக்குக் கேடயத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே உடுமலைப்பேட்டை யுனைடெட், ஆட்டம் ரோவர்ஸ் மைதானத்தில். சித்திரை பாதி போய்விட்டது. மேற்கே மேகம் குவியத் தொடங்கியிருந்தது. மழைக்கு முன் ஆடியாக வேண்டும். அந்த வாரம்தான் நோட்டீஸ் வந்தது.

'நொய்யல் பள்ளத்தாக்கு உதைபந்தாட்டச் சம்மேளனம். தலைமை அலுவலகம்: திருப்பூர்' என்று தலைப்பு. அலுவலகம் இருந்தது கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில், ஒரு ஜவுளிக்கடை மாடியில். ரயில் தாமதமான ஒரு சாயங்காலம் திருப்பூர் ஸ்டேஷனில் காத்திருந்தபோது சம்மேளனம் உதித்தது; அதனால் திருப்பூர். நொய்யலை அந்த மாடியிலிருந்து பார்க்க முடியாது.

நோட்டீசில் ஒரே ஒரு விஷயம். விதி பதினாலின்படி ஒரு கிளப் தன் சொந்த மைதானத்து ஆட்டத்தைத் தன் பெயரிலுள்ள ஊரில்தான் ஆட வேண்டும். ஆகவே கடைசி ஆட்டம் வரும் ஞாயிறு நாலு மணிக்குத் தாராபுரத்தில்.

சின்னப்பராஜ் ஷிப்ட் முடிந்ததும் மாடி ஏறினான். தலைவர் ராவ் சாகிப் சுந்தரராஜுலு நடு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் கௌரவக் காரியதரிசி வேதமாணிக்கம், ரிஜிஸ்டிரார் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். சுவரில் கேடயம் தொங்கியது. ஐந்து வருஷமாக அங்கேதான் தொங்கியது. எந்த வருஷமும் விதிப்படி யாரும் ஜெயிக்கவில்லை.

"தாராபுரம் அம்பது மைலுங்க," என்றான் சின்னப்பராஜ். "ஆளுகளுக்குத் திங்கக்கிழமை விடியால ஷிப்டுங்க."

"அதெப் பேரு வெக்கறப்பவே யோசிச்சிருக்கோணும்," என்றார் வேதமாணிக்கம்.

"அப்பப் பேரை மாத்திக்கறோமுங்க. சிங்காநல்லூர்னு வெச்சுக்கறோம்."

"தாராளமா. மனு மூணு பிரதி. கூடவே, பேரெ விட்டுக் குடுக்கறதுல ஆட்சேபணை இல்லேன்னு தாராபுரத்து ஜனங்க கிட்ட ஒரு கடுதாசி."

"எல்லா ஜனங்க கிட்டயுமாங்க?"

"மைனருகளத் தவிர."

ராவ் சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நான் ஆயுசுல ஒரு நாளும் பந்தை ஒதைச்சதில்லெ. அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டிருக்கறாங்க. எனக்குப் பாரபட்சம் கெடையாது. ஒரு கிளப்பு அதனோட பேர்ல இருக்கற ஊர்ல ஆடலீன்னா அந்தப் பேருக்கு என்ன மரியாதை? இப்ப என்னையே எடுத்துக்க. என் பேரு சுந்தரராஜுலு. நான் எங்க இருக்கறேன்? சுந்தரராஜுலு இருக்கற எடத்துலதான் இருக்கறேன். ஒரு நாளும் வேற எடத்துல இருந்ததில்லெ."

"ஆட்டமே நடக்காமப் போயிடுமேங்க," என்றான் சின்னப்பராஜ்.

"ஆட்டம் இல்லாமச் சம்மேளனம் நடந்துக்கும்," என்றார் வேதமாணிக்கம். "சம்மேளனம் இல்லாம ஆட்டம் நடக்குமா? அதெச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முப்பது வருஷப் பழக்கம். எழுதியதைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டார். பதினாலின் உட்பிரிவு ஒன்றில் விரல் நின்றது. பெயர் ஊருக்குப் போக முடியாத இடத்தில், ஊரைப் பெயருக்கு வரவழைக்கச் சம்மேளனத்துக்கு அதிகாரம் உண்டு. எந்த நிலத்தையும் எந்த ஊராகவும் அறிவிக்கலாம்.

"உங்க காடு தாராபுரமா இருக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"எனக்கில்லீங்க. காட்டுக்காரம்மாவெக் கேக்கோணும்."

"கேக்கோணும்னு விதியில இல்லை."

புதன்கிழமை வேதமாணிக்கம் ஒரு நாடாவும் ஜில்லாவைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றும் எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தார். ரோவர்ஸ் காப்டன் செங்கோட்டையன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மில்லின் நூற்புப் பிரிவில் வேலை செய்கிறவன். வாய் சும்மா இருக்காது.

"தாராபுரத்துக்கு அமராவதி நதி உண்டு," என்று வேதமாணிக்கம் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். "இங்க நதி எங்க?"

"நதியெல்லாம் இல்லீங்க. அந்தாக்குல நொய்யல் வாய்க்கால் ஒண்ணு போகுதுங்க. எருமை குளிப்பாட்டுவாங்க."

நொய்யல் பள்ளத்தாக்குச் சம்மேளனம் நொய்யலின் வாய்க்காலை அமராவதி என்று குறித்துக்கொண்டது. அடுத்தது தாலுகா ஆபீசான கச்சேரி. காட்டின் மூலையில் கூரை போட்டிருந்தது ஆட்டுப்பட்டி ஒன்றுதான். அது கச்சேரியாயிற்று.

மாசாணியம்மாள் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கச்சேரியாயிருச்சுன்னா பொழுது சாஞ்சா எங்க ஆடுக எங்கீங்க அடையறது?"

"கச்சேரி நேரம் முடிஞ்ச பொறவு அடைஞ்சுக்கலாமுங்க," என்றார் வேதமாணிக்கம். விட்டுக்கொடுக்கிற மனிதர்தான்.

மறுநாள் ரோட்டோரம் பலகை நட்டார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து: தாராபுரம். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் போகும் பஸ் அந்த ரோட்டில்தான் போகும். பலகை நட்ட முதல் நாளே தட்டு, தேங்காய், பூவோடு பெண் பார்க்கப் போன எட்டுப் பேர் அங்கே இறங்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வர மூன்று மணி நேரம். மாப்பிள்ளையின் தகப்பனார் காட்டைச் சுற்றிப் பார்த்தார். 'ஊரு ரொம்பச் சின்னதாப் போச்சுங்களே' என்றார். மாசாணியம்மாள் அவர்களைக் கச்சேரியில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

சாயங்காலம் சின்னப்பராஜ் வந்தபோது அவள் கேட்டாள்: "ஏங் கண்ணு, இனி ரயிலும் வந்து நிக்குமா? அதுக்கும் சேத்து மோரு கரைச்சு வெக்கட்டுமா?"

"மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் பலகையெப் புடுங்கிப்போடறோமுங்க."

"அதுக்கு முன்னால மேகம் புடுங்கிப்போடுமாட்ட இருக்குது," என்று அவள் மேற்கே கையைக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரோவர்ஸ் தயாராக நின்றது. ரெஃபரி வந்துவிட்டார். யுனைடெட் வரவில்லை. நாலரை வரைக்கும் பார்த்தார்கள். ரெஃபரி விதிப்படி விசிலை ஊதினார். செங்கோட்டையன் பந்தை ஒற்றையாக உருட்டிக்கொண்டு போய் ஒரு கோல் போட்டுவிட்டு வந்தான். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை சம்மேளனத்துக்குத் தந்தி வந்தது. 'தாராபுரம் வந்தோம். எதிரி இல்லை. பதினாலு கோல் போட்டோம். உடுமலைப்பேட்டை யுனைடெட்.' நோட்டீசில் தாராபுரம் என்று போட்டிருந்ததால் சோமனூரிலிருந்து முழு பஸ் வைத்துக்கொண்டு தாராபுரத்துக்கே போய்விட்டார்கள். அப்படி ஒரு தவறைச் சம்மேளனம் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவசரக் கூட்டம் கூடிற்று. சின்னப்பராஜையும் யுனைடெட் காப்டன் குமாரசாமியையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள்.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் வேதமாணிக்கம்.

"தாராபுரத்துலீங்க," என்றான் குமாரசாமி.

"நீங்க?"

"நாங்களும் தாராபுரத்துலதானுங்க," என்றான் சின்னப்பராஜ். வேறு எதைச் சொன்னாலும் விதி பதினாலு இருந்தது.

வேதமாணிக்கம் எழுதிக்கொண்டே வாசித்தார்: "இரு அணிகளும் குறித்த நேரத்தில் தாராபுரத்தில் ஆஜராயிருந்தன. மைதானம் சற்று நீளமாக இருந்தபடியால் ஒருவரையொருவர் சந்திக்க இயலவில்லை."

"எவ்வளவு நீளம்?" என்றார் ராவ் சாகிப்.

"அம்பது மைல் வருமுங்க."

"விதியில?"

"நூத்தி முப்பது கஜத்துக்கு மேல ஆகாதுங்க."

"அப்ப ஆட்டம் செல்லாது," என்றார் ராவ் சாகிப் திருப்தியோடு. மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு என்று தீர்மானமாயிற்று. ரோவர்ஸ் மைதானத்தின் நீளத்தை மீறியதற்காகக் கண்டிக்கப்பட்டது.

மாடிப்படி இறங்கும்போது குமாரசாமி சின்னப்பராஜின் தோளைத் தொட்டான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அமராவதியில குளிச்சோம் பாருங்க, தண்ணி சும்மா கல்கண்டாட்ட. நீங்க ஒருக்கா உங்க ஊருக்குப் போயிட்டு வரோணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சின்னப்பராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே சீட்டில் மூன்று முறை முத்திரை குத்தினான். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு மாசாணியம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் கலப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியுங்களா?"

"ஈரம் பொறுக்குமா கண்ணு? நாளைக்குச் சேறு. ஞாயித்துக்கெழமெ பதம் வந்துரும். ஒம்பது மணிக்கு ஏரு எறங்கும். நாலு சோடி மாடு சொல்லிப்போட்டேன்."

அவன் சைக்கிள் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டினான்.

"ஆட்டம் எத்தன நேரம்?" என்று அவளே கேட்டாள்.

"ஒண்ணரை மணிங்க. நடுவுல அஞ்சு நிமிசம் ஓய்வுங்க."

"அப்ப விடியக்காலமே வந்து ஆடிப்போட்டுப் போங்க. ஒம்பது மணி வரைக்கும் காடு உங்குளுது."

சனிக்கிழமை சின்னப்பராஜ் சோமனூருக்கும் ஒப்பணக்காரத் தெருவுக்கும் அலைந்தான். ஆட்டம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. குமாரசாமி உடனே சரி என்றான். சம்மேளனமும் சரி என்றது. ஆனால் தாராபுரத்தை யாரோ உழப்போகிறார்கள் என்ற செய்தி அவர்களைக் கலக்கிவிட்டது. அன்று மாலையே தடை உத்தரவு தயாராயிற்று. தாராபுரம் எல்லைக்குள் ஏர் பூட்டக் கூடாது. அதை நயமாகச் சொல்ல ராவ் சாகிப்பே நேரில் வருவதாயிற்று, கையில் மாலையோடு.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ரோவர்சில் ஒரு ஆளுக்குக் காய்ச்சல். சின்னப்பராஜே பனியனை மாட்டிக்கொண்டான். இரு அணிகளும் ஈரமண்ணில் வரிசையாக நின்றன. தலைவரின் உரை முடிந்த பிறகே ஆட்டம் தொடங்கலாம் என்பது விதி இரண்டு. ராவ் சாகிப் ஆட்டுப்பட்டியின் முன்னால் நாற்காலி மேல் ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். பேசும்போது அவர் கண்ணைத் திறப்பதில்லை.

"மகாஜனங்களே! இது சாதாரண மண்ணல்ல. பஞ்சபாண்டவர்கள் பேரை மறைத்துக்கொண்டு ஒரு வருஷ காலம் வாழ்ந்த விராடபுரம் எது? இந்தத் தாராபுரம்! அதோ, அந்தக் கச்சேரி இருக்கிற இடத்தில்தான்..."

கச்சேரிக்குள்ளிருந்து ஒரு கிடாய் கத்தியது.

"...தருமபுத்திரர் சொக்கட்டான் ஆடியிருக்கக்கூடும்! விளையாட்டுக்கும் தாராபுரத்துக்கும் உள்ள தொடர்பு அன்று தொட்டது. எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். தெரியாதவர்கள்தானே நிர்வகிக்க முடியும்?"

வேதமாணிக்கம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு மணியாயிற்று. ஏழே பத்து. பாண்டவர்கள் இன்னும் தாராபுரத்தை விட்டுக் கிளம்பவில்லை. காட்டின் மறுகோடியில் முதல் சோடி எருது வந்து நின்றது. சின்னப்பராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஏழே காலுக்குத் தொடங்கினால் எட்டு ஐம்பதுக்கு முடியும். அதற்குப் பிறகு தொடங்கினால் முடியாது.

அவன் வரிசையை விட்டு விலகி ரெஃபரியிடம் போனான். "விசிலெ ஊதுங்க."

"தலைவர் பேசறாருங்களே!"

"அவரு பேசறது தாராபுரத்துலீங்க," என்றான் சின்னப்பராஜ். "நாம ஆடறது இங்க."

ரெஃபரி ராவ் சாகிப்பைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். கச்சேரிக்குள்ளிருந்து தலை நீட்டிய கிடாயைப் பார்த்தார். விசிலை ஊதினார்.

ராவ் சாகிப் அதைக் கைதட்டலின் ஒரு வகை என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

அப்படி ஒரு ஆட்டத்தை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஈரக் கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. பந்து உதைத்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கால் மணிக்குள் எந்தப் பனியனில் எந்த ஊர் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சேறு. சின்னப்பராஜ் இரண்டு முறை தன் ஆளிடமிருந்தே பந்தைப் பறித்தான்.

"ஏனுங்க காரியதரிசி!" என்று கத்தினான் செங்கோட்டையன். "பந்தெப் பாத்து ஒதைங்க. எங்காலு எனக்கு நாளைக்கு மில்லுல வேணும்!"

மாடு ஓட்டி வந்தவர்கள் வரப்பில் குந்திப் பார்த்தார்கள். மாசாணியம்மாளும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். குமாரசாமி ஒரு கோல் போட்டான். செங்கோட்டையன் ஒன்று போட்டான். கடைசிக் கால் மணியில் யுனைடெட் ஆள் ஒருவன் உதைத்த பந்தைத் தடுக்கப் பாய்ந்த சின்னப்பராஜ், பந்தோடும் சேற்றோடும் தன் கோலுக்குள்ளேயே போய் விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை. மூக்கு, காது, வாய் எல்லாம் மண். குமாரசாமி கை கொடுத்துத் தூக்கினான். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது சின்னப்பராஜுக்குத் தெரிந்தது. சத்தமாகவே சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்தக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இரண்டுக்கு ஒன்று. யுனைடெட் ஜெயித்தது. எட்டு ஐம்பதுக்குக் கடைசி விசில் ஊதியது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு ராவ் சாகிப் கண்ணைத் திறந்தார்.

"ஆக, இந்த ஆட்டத்தை நான் தொடங்கி வைக்கிறேன்!"

"முடிஞ்சுதுங்க," என்றான் குமாரசாமி.

"எது?"

"ஆட்டமுங்க. நாங்க ஜெயிச்சோம்."

"நான் தொடங்கி வெக்காத ஆட்டம் எப்படி முடியும்?"

இதற்கு வேதமாணிக்கத்திடம் விதி இல்லை. தொடங்காத ஆட்டம் நடக்கவில்லை என்றும், நடக்காத ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை என்றும், ஆகவே கேடயம் பத்திரமாகச் சம்மேளனத்தின் சுவரிலேயே இருக்கும் என்றும் எழுதிக்கொண்டார். அது சம்மேளனத்துக்குச் சங்கடமாக இல்லை. பிறகு தடை உத்தரவை எடுத்துக்கொண்டு மாசாணியம்மாள் பக்கம் திரும்பினார். ராவ் சாகிப் மாலையை நீட்டினார்.

"அம்மணி, இனி இந்த மண்ணில் ஏர் இறங்கக் கூடாது. இது இனிமேல் உங்கள் காடல்ல, தாராபுரம். நீங்கள் அதன் காவல் தெய்வம். நாலு வார்த்தை பேச வேண்டும்."

அவள் பேசியது சம்மேளனத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகி எல்லாக் கிளப்புகளுக்கும் போயிற்று. 'புராணப் பெருமை வாய்ந்த தாராபுரத்தைத் தேக விருத்திக்காகவும் ராஜ விசுவாசத்துக்காகவும் இச்சம்மேளனத்தின் பாதங்களில் சமர்ப்பிக்கிறேன். தலைவரின் சொற்பொழிவைக் கேட்டு என் கண்கள் பனித்தன' என்று ஸ்ரீமதி மாசாணியம்மாள் கூறியதாக அதில் இருக்கிறது. ஏர் இறங்கியது பற்றி ஒன்றும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மாலையை வாங்கினாள். முதல் சோடியில் இடப்பக்கத்து மாட்டின் கழுத்தில் போட்டாள். "தள்ளி நில்லுங்க சாமி, வேட்டி கறையாயிரும்," என்று ராவ் சாகிப்பிடம் சொன்னாள். நாலு ஏரும் வரிசையாக இறங்கின. கோல் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்த சின்னப்பராஜைத் தாண்டிப் போகும்போது நின்றாள். தலையிலிருந்து கால் வரை சேறாக நின்றவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவள் கடைசியாகச் சொன்னது:

"வடக்கால கல்லாங்காடு ஒண்ணு கெடக்குது கண்ணு, ஒண்ணும் வெளையாது. அடுத்த ஞாயித்துக்கெழமெ அங்க வந்துருங்க. பேரு கீரு வெச்சுப்போடாம வாங்க."